மாமியாருக்கு மூன்று இடி

டாலிகஞ்சில் இருக்கும் ஒரு ஸ்டுடியோவில் சுபிக்ஷாவுக்கு வேலை. வங்காள சீரியல் ஒன்றுக்கு எடிட்டிங் உதவியாளர். கதாநாயகி ஒரு தமிழ் இன்ஜினியரைக் காதலிப்பதாகக் கதை திரும்பியபோது பையனுக்கு அப்பா அம்மா தேவைப்பட்டார்கள். தேடிப் பார்த்தும் தோதான ஆள் அகப்படவில்லை. "என் வீட்டிலேயே ஒரு ஜோடி இருக்கு" என்று சுபிக்ஷா வாயை விட்டாள்.

அன்று சாயங்காலமே பவானிபூர் வீட்டில் பேச்சு நடந்தது.

"ஆறே நாள்தாம்மா. அப்பா நாலு வரி பேசணும். நீ பின்னாடி நிக்கணும்."

"நிக்கறதுக்கு நான் எதுக்கு?" என்றாள் சகுந்தலா.

"நீ புடவை நன்னா கட்டிப்பே."

சகுந்தலா முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் இருந்தவள். கடைசி ஏழு வருஷம் பாலிகஞ்ச் கிளைக்கு மேனேஜர். ஓய்வு பெற்று மூன்று வருஷத்தில் புடவைக்காக அவளை யாரும் வேலைக்குக் கூப்பிட்டதில்லை. அவள் யோசிப்பதற்குள் கணவர் வீரராகவன் சரி என்று சொல்லிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எந்த வேளையில் எந்தச் சட்டை போடுவது என்பதைத் தவிர அவருக்கு அப்போது பெரிய பொறுப்பு ஒன்றும் இல்லை.

முதல் நாளே அவருக்கு ஒரு வருத்தம். அவர் பிறந்ததே பவானிபூரில். அவர் பேசும் வங்காளத்தைக் கேட்டால் மீன்காரர்கூட அவரை வங்காளி என்றுதான் நினைப்பார். டைரக்டர் நீலாத்ரியோ, "மேஷோமஷாய், கொஞ்சம் தப்புத்தப்பா பேசுங்க. மெட்ராஸ்காரர் இல்லையா நீங்க" என்று கேட்டுக்கொண்டான். செட்டில் பேச்செல்லாம் வங்காளத்தில்தான். நம் மாமா, மாமி போல அவர் அங்கே எல்லோருக்கும் மேஷோமஷாய், சகுந்தலா மாஷிமா. அறுபத்தாறு வயதில் தப்பாகப் பேசக் கற்றுக்கொள்வதா என்று வீரராகவன் பத்து நிமிஷம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

காமிராமேன் காமிராவைத் தரையில் வைத்ததும் அந்த வருத்தம் போய்விட்டது. கீழேயிருந்து பார்க்கும் காமிராவுக்கு ஐந்தடி நாலங்குல வீரராகவன் கோவில் கோபுரம்போலத் தெரிந்தார். மானிட்டரில் தன்னுடைய மோவாயையும் தோளையும் கண்டு அவருக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"நான் இப்படியா இருக்கேன்?"

"காமிரா பொய் சொல்லாது, மேஷோமஷாய்" என்றான் காமிராமேன்.

இப்போதுதான் ஒன்று சொல்லியிருக்கிறது என்று சகுந்தலா நினைத்துக்கொண்டாள். அவளைப் படம்பிடிக்கும் காமிராவை ஸ்டாண்டில் உயரத்தில் ஏற்றியிருந்தார்கள். அதில் அவள் கையில் வைத்திருந்த பித்தளைத் தட்டுதான் பெரிதாகத் தெரிந்தது.

காட்சி சின்னதுதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி வீரராகவன் "இந்தக் கல்யாணம் நடக்காது" என்று சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் சகுந்தலா பயந்துபோக வேண்டும். அந்தப் பயத்தை நேரே ஒரு தரம், இடது பக்கம் ஒரு தரம், வலது பக்கம் ஒரு தரம் எடுப்பார்கள்.

"எதுக்குப் பயப்படணும்?" என்று சகுந்தலா கேட்டாள்.

"உங்க புருஷன் கோபமா இருக்கார், மாஷிமா."

"அவர் கோபப்பட்டா எனக்குச் சிரிப்புதான் வரும். முப்பத்தாறு வருஷமா அப்படித்தான்."

செட்டில் எல்லோரும் சிரித்தார்கள். வீரராகவன் மட்டும் தலைக்கு மேலே தொங்கிய விளக்கை ரொம்பக் கவனமாகப் பார்த்தார். பிறகு காட்சி ஆரம்பித்தது. அவர் தப்பும் தவறுமாகக் கல்யாணத்தை நிறுத்தினார். சகுந்தலாவுக்குச் சிரிப்பு பொங்கி வந்தது. அடக்குவதற்காகக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்போது ஒரு புருவம் தானாக மேலே ஏறிவிட்டது. மூன்று பக்கத்திலிருந்தும் அதேதான். சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டதால் நீலாத்ரி, "போதும், ஓகே" என்றான்.

அந்த வாரம் முழுக்க வீரராகவன் வீட்டிலும் கோபுரமாகவே இருந்தார். காபி வேணுமா என்று கேட்டால் உடனே பதில் வராது. மெள்ளத் தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்ப்பார். மூச்சை இழுத்து விடுவார். அப்புறம் "கொண்டு வா" என்பார்.

"ஏன்னா, பின்னாடி மியூசிக் போட இங்கே ஆள் இல்லை. சட்டுனு சொல்லுங்கோ, பால் பொங்கறது" என்பாள் சகுந்தலா.

எபிசோட் வந்த அன்று மாலை கீழ் வீட்டு ரத்னா பௌதி மாடி ஏறி வந்துவிட்டாள். இவர்களுக்கு அவள் பௌதி, அண்ணி; அவளுக்கு இவர்கள் திதி, தாதா, அதாவது அக்கா, அண்ணா. ஒரு நாள் விடாமல் அந்த சீரியலைப் பார்ப்பவள். நால்வரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வீரராகவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய "நடக்காது" நாலு வினாடியில் முடிந்துவிட்டது. உடனே ஒரு இடி இடித்தது. சகுந்தலாவின் முகம் திரையை அடைத்துக்கொண்டு வந்தது. இடது பக்கத்திலிருந்து வந்தபோது இன்னொரு இடி. வலது பக்கத்துக்கும் ஒன்று. சிரிப்பை அடக்கக் கடித்த உதடு, அந்த இடியில் யாரையோ தீர்த்துக்கட்டத் திட்டம் போடும் உதடாக மாறியிருந்தது. ஏறிய புருவம் திட்டம் முடிவாகிவிட்டது என்று சொன்னது.

ரத்னா பௌதி சோபாவில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். "திதி, கல்யாணத்தைக் கெடுக்கறது நீங்கதானா? தாதா பாவம், சும்மா வாயசைக்கறார்."

ஊரெல்லாம் அப்படித்தான் நினைத்திருக்கிறது. மறுவாரம் சேனலிலிருந்து செய்தி வந்தது: மெட்ராஸ் மாமியாரை ஜனங்களுக்குப் பிடித்திருக்கிறது, கல்யாணம் நடக்கட்டும், மாமியார் இன்னும் இரண்டு மாதம் இருக்கட்டும். ஆறு நாள் வேலை அப்படி நீண்டது.

இப்போது நாற்காலி சகுந்தலாவுக்கு. கழுத்து நிறைய நகை, கண்ணுக்குக் கெட்டியாக மை. காமிரா அவள் காலடிக்கு வந்தது. வீரராகவன் அவளுடைய கண்ணாடிக் கூட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

"எனக்கு டயலாக்?"

"இன்னிக்கு இல்லை, மேஷோமஷாய். தலையை மட்டும் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். ஆ, அப்படித்தான்."

வீட்டுக்கு வந்ததும் அவர் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆறு மணி நேரம், சகுந்தலா. யாராவது ஒருத்தர் உக்காருங்கோன்னு சொல்வாளான்னு பார்த்துண்டே இருந்தேன்."

"மொதல் நாள் நான் நின்னேனே, நீங்க சொன்னேளா?"

வீரராகவன் ஜன்னல் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை அது நடிப்பு இல்லை. "தோணலை" என்றார். பிறகு, "இன்னும் கொஞ்சம் வெந்நீர் இருக்கா?" என்று கேட்டு, தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் போயிற்று. சகுந்தலா முறைத்தாள், வளையலைத் திருகினாள், மருமகள் கொண்டுவந்த பாயசத்தைத் தள்ளி வைத்தாள். அதற்கெல்லாம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் நீட்டப்பட்ட காகிதத்தைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். 'எங்கள் வீட்டு மருமகள் வேலைக்குப் போகமாட்டாள். நாளைக்கே ராஜினாமாவை எழுதிக் கொடு' என்று அதில் இருந்தது.

"இதை நான் சொல்லமாட்டேன்" என்றாள்.

நீலாத்ரி அருகில் வந்து உட்கார்ந்தான். தினம் ஒரு எபிசோட் முடித்துக் கொடுக்க வேண்டியவன். கோபப்படக்கூட அவனுக்கு நேரம் கிடையாது. "மாஷிமா, நீங்க சொல்லலை. அந்தப் பாத்திரம் சொல்லுது."

"பாத்திரத்துக்கு என் மூஞ்சிதானே. இந்த மூஞ்சியை வெச்சுண்டு எத்தனை பொண்ணுகளுக்கு வேலையை விடாதேன்னு சொல்லியிருக்கேன் தெரியுமா? கல்யாணப் பத்திரிகையையும் ராஜினாமாவையும் ஒரே கவர்ல கொண்டு வந்து கொடுப்பா. பத்திரிகையை மட்டும் வாங்கிண்டு அனுப்பிடுவேன்."

"அப்ப மாமியார் என்னதான் செய்யறது?"

"நீ ஒண்ணு சொல்லு. உங்க சீரியல்ல நாற்காலியில உக்காந்திருக்கற பொம்மனாட்டி எவளாவது நல்லவளா இருந்திருக்காளா?"

நீலாத்ரி நிஜமாகவே யோசித்தான். பத்து வருஷமாக சீரியல் எடுப்பவன். "பூஜை எபிசோட்ல தேவி உக்காந்திருப்பாங்க" என்றான் கடைசியில்.

மருமகளாக நடிக்கும் ஸ்ரேயஸி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயதுப் பெண். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீலாத்ரி கடிகாரத்தைப் பார்த்தான். "சரி, உங்க இஷ்டப்படி ரெண்டு நிமிஷம் பேசுங்க. எடுத்துடறேன்."

சகுந்தலா இன்னொரு நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி ஸ்ரேயஸியை எதிரே உட்கார வைத்தாள். லோன் கேட்டு வந்தவர்களிடம் பேசுவதுபோல நிதானமாகப் பேசினாள்.

"வேலையை விடாதே. யார் என்ன சொன்னாலும் விடாதே. இந்த வீட்டுல நான் இருக்கேன்."

காகிதத்தில் இல்லாத பேச்சு அது. ஸ்ரேயஸிக்கு நிஜமாகவே கண் நிறைந்துவிட்டது. நீலாத்ரி ஒரே தரத்தில் ஓகே சொல்லிவிட்டான். மெட்ரோவில் திரும்பும்போது வீரராகவன், "நன்னா பண்ணினே" என்றார். உட்கார ஓர் இடம் கிடைத்ததும் அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எபிசோட் வந்தது. 'வேலையை விடாதே' என்றதும் ஒரு இடி. 'யார் என்ன சொன்னாலும் விடாதே' என்றதற்குத் திரை மூன்று தரம் குலுங்கியது. 'இந்த வீட்டுல நான் இருக்கேன்' என்றபோது மூன்று இடி சேர்ந்தாற்போல் விழுந்து, வயலின்கள் எல்லாம் ஒருமிக்க அலறின. ஸ்ரேயஸியின் கண்ணீரைப் பார்த்தால் அவளை யாரோ கிணற்றில் தள்ளப் போவதுபோல இருந்தது.

"இப்படி இனிக்க இனிக்கப் பேசித்தான் கழுத்தை அறுப்பாங்க" என்றாள் ரத்னா பௌதி. மறுநாள் லேக் மார்க்கெட்டில் வாழைப்பூ விற்கும் பெண்மணி, "அந்தப் பொண்ணை விட்டுடுங்க, பாவம்" என்று கேட்டுக்கொண்டாள்.

அன்று சுபிக்ஷா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சகுந்தலா கேட்டாள்.

"அந்த இடியை யார் போட்டா?"

சுபிக்ஷா செருப்பைக் கழற்றி, ஒழுங்காக ஓரத்தில் வைத்துவிட்டு, "நான்தான்" என்றாள்.

"நான் என்ன பேசினேன்னு கேட்டியோ?"

"இல்லைம்மா. மாமியார் இடின்னு தனியா ஒரு ஃபோல்டரே இருக்கு. உன் வாய் அசையறது எங்கே நிக்கறதோ அங்கே எடுத்து ஒட்டினேன். ஒரு நாளைக்கு ஒரு எபிசோட்மா. யார் பேசறதை யார் கேக்கறா?"

சொன்ன பிறகு அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, இசை சேர்க்காத காட்சியைப் போட்டாள். மூன்று பேரும் பார்த்தார்கள். இரண்டு பெண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறார்கள். தூரத்தில் ஏதோ ஒரு மின்விசிறியின் சத்தம். வேறொன்றும் இல்லை.

"நன்னாதானே இருக்கு" என்றாள் சகுந்தலா.

"நன்னா இருக்கும்மா."

"இதை யார் பார்த்தா?"

"நாம மூணு பேர்."

சகுந்தலா எழுந்துபோய் சாதம் வடிக்க ஆரம்பித்தாள். சுபிக்ஷா மட்டும் அந்தக் காட்சியை இன்னொரு தரம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டாள்.

இரண்டு மாதம் முடிந்தபோது கதையில் மாமியாரும் மாமனாரும் மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள். கடைசிக் காட்சியில் மாமியார் மருமகளிடம் விடைபெற வேண்டும். நீலாத்ரி காகிதம் கொண்டுவரவில்லை. "நீங்களே பேசிடுங்க, மாஷிமா" என்றான். சகுந்தலா, "ஆபீசுக்கு நேரமாச்சு, கிளம்பு. ராத்திரி சமையலை என் பிள்ளை பார்த்துப்பான்" என்று சொல்லி ஸ்ரேயஸியின் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். சுபிக்ஷா அந்தக் காட்சியை அப்படியே விட்டுவிட்டாள். பதினோரு வினாடிக்கு இடியும் இல்லை, வயலினும் இல்லை. சேனலிலிருந்து ஒருவர் போன் செய்து, பின்னணி ஆடியோ விட்டுப்போயிருக்கிறதே என்று கேட்டார். "இல்லை சார், அது அப்படித்தான்" என்றாள். அடுத்த தடவை கவனமாக இருக்கச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ரத்னா பௌதி மாடிக்கு வந்தாள்.

"நேத்து எங்க டிவியில ஏதோ கோளாறு, திதி. நீங்க பேசறப்ப பின்னால ஒண்ணுமே கேக்கலை. கேபிள்காரனுக்குப் போன் பண்ணலாம்னு எடுத்தேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்களா, சரி கேட்டுட்டுப் பண்ணலாம்னு விட்டுட்டேன்."

"கேட்டுதா?"

"கேட்டுது." ரத்னா பௌதி டீயைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள். "அந்தப் பொண்ணை நெசமாவே வேலைக்குப் போன்னுதான் சொன்னீங்களா? முன்னாடி சொன்னப்பவும்?"

"முன்னாடியும்தான்."

வீரராகவன் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ரத்னா பௌதி டீயை முழுக்கக் குடித்து முடித்தாள்.

"எங்க மருமகளுக்கு ஜாதவ்பூர் பக்கம் ஒரு ஸ்கூல்ல வேலை இருக்காம். ரெண்டு மாசமா சொல்லிக்கிட்டிருக்கா. நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லலை. ஒண்ணுமே சொல்லலை, அவ்வளவுதான்."

"கடைசித் தேதி என்னிக்காம்?"

"வெள்ளிக்கிழமைன்னு சொன்னா. அப்ளிகேஷனெல்லாம் கம்ப்யூட்டர்லதான் போடணுமாமே. எங்க வீட்டுல அது கெட்டுக் கிடக்கு."

"அவளை மேலே அனுப்புங்கோ. சுபிக்ஷா இன்னிக்கு ஆத்துலதான் இருக்கா" என்றாள் சகுந்தலா.

ரத்னா பௌதி டீ டம்ளரை மேஜைமேல் வைத்தாள். படி இறங்கிப் போனாள். பதினைந்து நிமிஷம் கழித்து அவளுடைய மருமகள் ஒரு பிளாஸ்டிக் உறையில் சர்ட்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள்.