கண்ணை மூடித் தேடும் கை

அந்தச் சனிக்கிழமை காலை பெண்கள் வார்டின் சோதனை அறை வாசலில் நின்றவர்கள் நான்கு பேர்: பதினோரு வருஷமாகப் பெண் கைதிகளைச் சோதனை போடும் தாசம்மாள், சிறை ஆபீஸ் கிளார்க் சேஷன், மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து புதிதாக வந்த நர்ஸ் ராகேல், கங்காணியைக் களைக்கொத்தால் அடித்துவிட்டு உள்ளே வந்த பொன்முடித் தோட்டத்துப் பேச்சி.

சேஷன் உத்தரவை வாசித்தார். பெண் கைதிகளைப் பெண்தான் சோதனை போட வேண்டும், தீனம், நோய் என்று வந்தால் படித்த பெண்தான் பார்க்க வேண்டும் என்று சர்க்கார் சட்டம் போட்டிருக்கிறது.

"கேட்டியா தாசம்மா, சோதனை எப்பவும் போல ஒனக்கு. தீனம் பாக்கறது இனிமே இவா. உடம்புல எது தட்டுப்பட்டாலும் அன்னிக்கே இவாகிட்ட சொல்லிடணும். மருந்து அலமாரிச் சாவியைக் குடுத்துடு."

பதினோரு வருஷமும் 'நீ'தான். வந்து அரை மணி ஆகாதவளுக்கு மரியாதையாய் 'இவா'. ராகேல் நீட்டிய கையில் வைக்காமல், தாசம்மாள் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தாள்.

அவள் புருஷன் தாசையன் ஹெட் வார்டராக இருந்த காலத்திலேயே, இந்த வார்டில் ஒரு பெண்ணின் முந்தானையை ஆண் கை தொட்டதில்லை. "எனக்க வீட்டுக்காரி வருவா" என்று மனைவியைக் கொண்டுவந்து நிறுத்திய மனுஷன். அந்த வீட்டு வழக்கத்தைத்தான் சர்க்கார் இப்போது அச்சடித்திருக்கிறது. பேர் மட்டும் ராகேலின் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலைக்கு.

பேச்சியை உள்ளே கூட்டிப் போனாள். சோதனை போடும்போது தாசம்மாள் கண்ணை மூடிக்கொள்வாள். கை பார்த்தால் போதும், கண் பார்க்கக் கூடாது என்பது அவள் முறை. அன்று அந்தக் கை பேச்சியின் இடது மார்பில் நின்றுவிட்டது. புளியங்கொட்டை அளவு.

"வலிக்கா பிள்ளே?"

"இல்ல அம்மை. பால் கட்டுனதா இருக்கும்."

பேச்சியின் கடைசிப் பிள்ளைக்கு ஏழு வயது. பால் கட்ட வழியில்லை என்று தாசம்மாளுக்குத் தெரியும். வெளியே யாரோ "டாக்டரம்மை" என்று ராகேலைக் கூப்பிட்டார்கள். கூடவே சிரிப்பு. தாசம்மாளை இத்தனை காலத்தில் யாரும் சிரித்துக்கொண்டு கூப்பிட்டதில்லை.

"பால்கட்டுதான். ஒத்தடம் குடு, போயிரும்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமையும் கட்டி இருந்தது, விரலுக்கு அசையவில்லை. தாசம்மாள் அடுத்த கைதியைக் கூப்பிட்டாள். கட்டி என்று சொன்னால் ராகேலிடம்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாம் சனிக்கிழமை விரல் ஒரு குழியில் இறங்கியது.

"ஒத்தடம் விடாம குடுக்கேன் அம்மை. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்லா" என்றாள் பேச்சி.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாகத் தாசம்மாள் கண்ணைத் திறந்தாள். தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சியின் சேலையைத் தானே எடுத்துப் போர்த்தினாள். போய் ராகேலின் அறை வாசலில் நின்றாள்.

"ஒரு கட்டி. வந்து பாரு."

ராகேல் பார்த்தாள், முகம் மாறியது. நோட்டை எடுத்தாள்.

"எப்பம் தட்டுப்பட்டது அக்கா?"

ராகேலின் இடுப்பில் தொங்கிய சாவியைத் தாசம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். ராகேல் அன்றைய தேதியையே கண்ட நாளாக எழுதினாள். மத்தியானமே பேச்சியை வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது உபதேசியார் வேதமாணிக்கம் எல்லார் காதிலும் விழச் சொன்னார்: "ராகேலு தொட்ட ஒடனே கண்டுபிடிச்சிட்டாளாமே. நல்ல கைராசி."

தாசம்மாள் முதுகை நிமிர்த்தினாள்.

"அவ கண்டுபிடிக்கல்ல. நான்தான் கண்டுபிடிச்சேன். ரெண்டு வாரத்துக்கு முந்தியே."