எண்ணெய் தடவிய வில்

போடி இளையோர் இசைக்குழு ஆரம்பித்தபோது மொத்தம் ஏழு பிள்ளைகள். காலியாகக் கிடந்த ஏலக்காய்க் கிட்டங்கியில் பாய் விரித்துப் பழகினார்கள். மதுரையில் சினிமாக் கச்சேரிகளுக்கு வயலின் வாசித்துவிட்டு ஊர் திரும்பிய லிங்கேஸ்வரன்தான் தொடங்கினார். அந்த ஏழு பேரில் பவதாரணியும் ஒருத்தி. அப்போது ஒன்பது வயது. அவள் அம்மா மகாராணி, தினமும் விடியுமுன் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, கேரளப் பக்கத்துத் தோட்டத்தில் ஏலக்காய் எடுக்கப் போகிறவள்.

எட்டு வருஷத்தில் குழு அறுபது பேராகப் பெருத்தது. ராசிங்காபுரத்திலிருந்தும் தேனியிலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். சொந்தமாக ஒரு கூடம்கூட வந்தது. நன்கொடை கேட்டு அச்சடித்த நோட்டீசிலெல்லாம் பவதாரணியின் படம்தான். கீழே 'தோட்டத் தொழிலாளியின் மகள், முதல் வயலின்' என்றிருக்கும். அது பொய்யில்லை. அவளைவிட நன்றாக வாசிக்க அங்கே ஆளில்லை.

அந்த வருஷ அரைப்பரீட்சை லீவில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மலையேறினாள். ஆள் ஏற்றிய ஜீப்பு ஒரு வளைவில் சாய்ந்தது. மற்றவர்கள் சிராய்ப்போடு தப்பினார்கள். அவளுடைய இடது கை வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டியது. அதன்பின் இரண்டு விரல்கள் மடங்கவேயில்லை.

ஒரு மாதம் கழித்து, அம்மா தோட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில் லிங்கேஸ்வரன் வீட்டுக்கு வந்தார். கையைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்தாள். அவர் கையைப் பார்க்கவில்லை. ஆண்டு விழாவுக்குச் சென்னையிலிருந்து நன்கொடையாளர்கள் வருகிறார்கள், அவளைப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள் என்றார். அவள் முன்னால் உட்கார்ந்து வில்லை அசைத்தால் போதும், பின்வரிசையில் வயலின் வாசிக்கும் ஜோதி அங்கிருந்தே வாசித்துவிடுவாள்.

"தந்தியில பட்டா சத்தம் வருமே சார்."

"வில்லுல தேங்காயெண்ணெயத் தடவிக்க. வழுக்கிட்டுப் போயிரும்."

மாட்டேன் என்றாள். அவள் வராவிட்டால் அறுபது பிள்ளைகள் வயிற்றெரிச்சலும் அவளுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒத்திகைக்குப் போனாள். இரண்டாம் நாளே பின்வரிசை அவளுக்கு 'எண்ணெய்க்கடை' என்று பேர் வைத்தது. லிங்கேஸ்வரன் காதிலும் விழுந்தது, அவரும் சிரித்தார். வீட்டில் அவள் எதையும் சொல்லவில்லை. மிச்ச விரல்களால் வாசிக்கப் பழகி மகள் மறுபடி மேடையேறுகிறாள் என்று மகாராணி தோட்டத்துப் பெண்களை ஒரு ஜீப்பு நிறையக் கூட்டி வந்திருந்தாள்.

விழாவில் தனி வயலின் இடம் வந்தது. பவதாரணி வில்லை இழுத்தாள். மூன்றாவது வரிசையில் அம்மா அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. அதற்குமேல் அவளால் முடியவில்லை. வயலினை மடியில் வைத்துவிட்டாள்.

இசை நிற்கவில்லை. ஒரு சுரம்கூடக் குறையாமல் ஜோதி அதை முடித்தாள். கூட்டம் எழுந்து கைதட்டியது. மகாராணி மட்டும் தட்டப் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரும்பும்போது ஜீப்பிலிருந்து தெருமுனையில் இறங்கியதும் மகாராணி சொன்னாள்: "முன்னாடியே சொல்லிருந்தா இத்தன பேரக் கூட்டியாந்திருக்க மாட்டேனே, ஆத்தா."

அடுத்த நோட்டீசில் பொட்டிபுரத்துச் சிறுமி ஒருத்தியின் படம் வந்தது. குழுவில் இப்போது எண்பது பேர்.

பிளஸ் டூ முடிந்ததும் பவதாரணி அம்மாவோடு மலையேறினாள். கங்காணி அவள் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காய் எடுக்க இது போதும் என்றார்.