மாமாவின் பசை

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த அறைக்குள் இருந்தவர்கள்: என் உம்மா பாத்திமுத்து, உம்மாவின் தம்பி துல்கர்னைன் மாமா, பெயின்டர் ஆவுடையப்பன், மில்லில் ராத்திரி ஷிப்டை விட்டுவிட்டு வீட்டோடு கிடந்த நான். என் தங்கை ஜாஹிரா பீவி உள்ளே இல்லை. கல்யாணப் பெண் வெளி ஆள் முன்னால் வரக் கூடாது என்று அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஆனால் அறை அவளுக்காகத்தான்.

வருஷம் 1958. வெள்ளிக்கிழமை அவளுக்கு நிக்காஹ். கல்யாணம் முடிந்து முதல் சில வாரம் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் இருப்பான். அவர்களுக்கென்று ஓர் அறை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே அறை. மீதியெல்லாம் கூடமும் தறியும் அடுக்களையும். பிறந்ததிலிருந்து ஜாஹிரா உம்மாவுக்கும் தறிக்கும் நடுவில்தான் படுத்தாள். சம்பந்தம் பேசி முடித்த அன்று, என்ன வேண்டும் என்று உம்மா கேட்டதற்கு அவள் நகை கேட்கவில்லை. "சுவருக்கு நீலம் அடிச்சுத் தாங்க. கதவு நல்லா சாத்துதான்னு பாருங்க," என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆவுடையப்பன் சுண்ணாம்பில் நீலம் கலந்து ஒரு கை அடித்துவிட்டுப் போனார். செவ்வாய் காலையில் வந்து பார்த்தால் நீலம் முழுவதும் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டு தொங்கியது.

"ஏ ஆவுடையப்பா, இது என்ன கோலம்?" என்றார் உம்மா.

"சுண்ணாம்பு மேல குத்தம் இல்ல ஆச்சி. அடியில பழைய பசை அப்படியே உக்காந்திருக்கு. அதுமேல எதுவும் நிக்காது. யாரு காய்ச்சின பசை இது?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார். "நாந்தான்."

ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் அக்கா கல்யாணத்துக்கு அவள் மாப்பிள்ளை கொழும்பிலிருந்து பூப்போட்ட சுவர்க் காகிதம் கொண்டுவந்தார். காகிதம் வந்தது, பசை வரவில்லை. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் வந்து சுவரை நனைக்கும், சாதாரணப் பசை நிற்காது என்று சொல்லி மாமாவே பசை காய்ச்சினார். போன மாதம் காகிதத்தைக் கிழித்தபோது பூ மட்டும் வந்தது. பசை மஞ்சளும் பச்சையுமாகச் சுவரில் நின்றுவிட்டது. அதைத்தான் யாரும் சட்டை செய்யவில்லை.

"மைதா, மாட்டுத் தோல் வச்சிரம், பூச்சி வராம இருக்க மயில்துத்தம்," என்றார் மாமா. "அஞ்சு வருஷச் சாரலு! அசையுதா பாத்தீரா?"

"உன் பசைய வச்சு உன் வாய ஒட்டியிருக்கணும்லே," என்றார் உம்மா.

அந்த நேரம் பார்த்து மாமாவின் மனைவி சைதூன் பீவி வந்தார். அடுத்த வீடு. சத்தம் கேட்டால் வந்துவிடுவார்.

"மைனி, ஏன் இப்படிக் கெடந்து கஷ்டப்படுதீய? எங்க மாடி அறை சும்மாதான கெடக்கு? பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கன இருக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் சிக்கல். மாமி செய்த உதவியை மாமி மறக்க மாட்டார், ஊரையும் மறக்க விட மாட்டார்.

மாமி போனதும் அடுக்களைக் கதவு பேசியது. "நான் அங்கன போக மாட்டேன். அந்த அறைக்குத் தாழ்ப்பாளே கெடையாது. பிள்ளைக உள்ள போயிப் பூட்டிக்கிடுதுன்னு மாமி கழத்திப் போட்டுட்டா. நெனச்ச நேரம் உள்ள வருவா."

"வியாழக்கிழமைக்குள்ள இந்தச் சுவர் நீலமா நின்னா இங்கன," என்றார் உம்மா. "இல்லைன்னா மாடி அறைதான். மாப்பிள்ளைய தறிக்குழிக்குள்ளயா படுக்க வைக்க முடியும்?"

சுரண்டினோம். பச்சைத் தண்ணீரைத் தெளித்து, கொத்துக் கரண்டியாலும் தகரத்தாலும் சிரட்டையாலும் சுரண்டினோம். பசை ஈரம் பட்டால் வழுக்கியது, திரும்பிப் பார்ப்பதற்குள் இறுகியது. சாயங்காலம் வரை முட்டியும் சுளகு அகலத்துக்குத்தான் சுவர் தெரிந்தது. ஆவுடையப்பனின் கையாள் சீசன் பார்க்கக் குற்றாலத்துக்குப் போனவன் திரும்பவில்லை. அருவியில் நிற்கிறவனை எப்படிக் குறை சொல்வது?

புதன்கிழமை காலை இரண்டு காரியம் நடந்தது. கல்யாணச் சமையலுக்கு அண்டாக்கள் வண்டியில் வந்து இறங்கின. ஆவுடையப்பன் புது ஆள் ஒருவனைக் கூட்டி வந்தார். அவன் கண் மட்டும் தெரிய, தலையிலும் மூக்கிலும் துண்டு சுற்றியிருந்தான்.

"சுண்ணாம்பு நெடி அவனுக்கு ஒத்துக்காது," என்றார்.

"சுண்ணாம்பு ஒத்துக்காதவன் எதுக்குலே இந்த வேலைக்கு வாரான்?" என்றார் மாமா.

ஆவுடையப்பன் அண்டாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆச்சி, கொதிக்கிற தண்ணி இருந்தா வச்சிரம் எளகும். சாக்க முக்கி சுவத்துல அப்பிட்டா போதும்."

"பிரியாணி அண்டாவுலயா? பசைத் தண்ணியவா?"

"பசை சுவத்துலல்லா இருக்கு? அண்டாவுல வெறும் தண்ணிதான உம்மா?" என்றது அடுக்களைக் கதவு.

அடுப்பு மூட்டியாயிற்று. ஜாஹிரா தண்ணீரைக் கொதிக்க வைத்து வாளியில் மொண்டு கதவு வரை கொண்டுவந்து தள்ளுவாள். நான் எடுத்து வருவேன். ஆவியில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. சூட்டில் சாக்கு ஒட்டிய இடமெல்லாம் பசை நெகிழ்ந்து, கரண்டி வைத்தால் அல்வா மாதிரி வழிந்தது. செத்த மாட்டு நாற்றம். யாரும் கவலைப்படவில்லை. ஆவுடையப்பன் பாட ஆரம்பித்தார். குரல் கேவலமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

புது ஆளுக்கு மட்டும் வேலை தெரியவில்லை. மாமா அவன் தலைக்கு மேலேயே நின்றார்.

"ஏலே, கரண்டியப் படுக்க வச்சுப் பிடி. சாப்பாட்டுக் கரண்டி மாதிரில்லா பிடிச்சிருக்கே? உன்ன யாருலே பெத்தது?"

அவன் வேகமாகச் சுரண்டினான். வேர்வையில் துண்டு நழுவியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அகமது கபீர். மாப்பிள்ளை. நிச்சயத்தன்று அவனைப் பார்த்தவன் அங்கே நான் ஒருத்தன்தான். மாமா அன்று பஞ்சு வாங்கத் திருவேங்கடம் போயிருந்தார், உம்மா பார்த்தது கொழும்பில் எடுத்த போட்டோ மட்டும், அதில் அவன் தலையில் தொப்பி, முகத்தில் பவுடர்.

மூலைக்கு இழுத்துப் போய், "உமக்கு என்ன பைத்தியமா?" என்றேன்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி எங்க வீட்டுக்கும் வெள்ளை அடிக்கார். கதையைச் சொன்னார். கொழும்புல எட்டு வருஷம் கடை மூட்டைமேல படுத்தேன் மச்சான், என்னச் சுத்தி ஏழு பேரு. எனக்கும் ஒரு கதவு வேணும்." துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி சுரண்டப் போனான்.

அதோடு விட்டுவிட்டேன். விஷயம் நியாயமாகத்தான் இருந்தது.

அடுத்த வாளி வந்தபோது கதவு கொஞ்சம் அதிகமாகவே திறந்திருந்தது. "காக்கா," என்று அண்ணனான என்னை மெதுவாகக் கூப்பிட்டாள் ஜாஹிரா. "துண்டு கட்டுன ஆளை ஜன்னலுக்கு மேல சுரண்டச் சொல்லுங்க. அங்கன பாதி விட்டுட்டார்."

"யாருன்னு தெரியுமா?"

"துண்டு நழுவுனதுல்லா? போட்டோவுல இருக்கிற அதே காது."

நான் போய்ச் சொன்னேன். ஜன்னலுக்கு மேலே அவன் சுரண்டிய இடத்தில் சுவர் பிறந்த குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

மத்தியானத்துக்கு மேல் பசை மொத்தமும் போயிற்று. சாரல் விடவில்லை, சமையல்காரரிடம் கரியடுப்பு வாங்கி அறை நடுவில் வைத்து உலர்த்தினோம். வியாழக்கிழமை நீலம் இரண்டு கை ஏறியது. சாயங்காலம் விரலால் தேய்த்துப் பார்த்தேன். சுருளவில்லை. உம்மா சுவரைப் பார்த்துச் சிரித்தார், பிறகு மாமாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஜாஹிரா என்னிடம் எண்ணெய்க் குப்பியைக் கொடுத்து, "பூட்டு துருப்பிடிச்சிருக்கு," என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நிக்காஹ் நடந்தது. மாமா மாலையோடு போய் மாப்பிள்ளைக்கு முன்னால் நின்றார். அப்படியே நின்றார்.

"ஏலே! நீயா?"

பந்தலே திரும்பியது. "மாமா," என்றான் அகமது கபீர் பணிவாக, "கரண்டியப் படுக்க வச்சுத்தான பிடிக்கணும்?"

ஆவுடையப்பன் பந்தியில் சிரித்துப் புரையேறி, அவர் தலையில் ஆள் ஆளுக்குத் தட்ட வேண்டியதாயிற்று. விஷயம் தெரிந்து உம்மா முதலில் வாயில் அடித்துக்கொண்டார். அப்புறம் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். அழுகை என்று நினைத்துப் போய்ப் பார்த்தேன். இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பெண்ணையும் மாப்பிள்ளையையும் அறைக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே பழைய கட்டில், புதுப் பாய், நீலச் சுவர், வேறு ஒன்றும் இல்லை. பழத் தட்டோடு மாமி வேகமாக வந்தார்.

"மைனி, நானும் உள்ள போயி நீலம் எப்படி இருக்குன்னு ஒரு எட்டுப் பாத்துட்டு வாரேன்."

ஜாஹிரா வாசலில் திரும்பி நின்றாள். தட்டை வாங்கிக்கொண்டாள். "நல்லாருக்கு மாமி," என்றாள். உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது. அது போதாது என்று, எண்ணெய் போட்ட பூட்டில் சாவி ஒரு சுற்றுச் சுற்றியது.