வேலியோரத்து விளக்கு

தெற்குக் காற்று கிளம்பியதும் ஷிப்ட் பொறுப்பாளர் பார்த்தேனா கண்காணிப்பு அறையை விட்டு வெளியே வந்தாள். கம்பத்தின் உச்சியில் கட்டியிருந்த, திசை காட்டும் காற்றுப்பை வேலிப் பக்கமாக விறைத்து நின்றது. வேலிக்கு அந்தப் புறம், சாலையோரத்தில், சின்னக் கோயில் போலச் செய்த தகரப் பெட்டி ஒன்று ஒற்றைக் காலில் நின்றது. அதற்குள் எண்ணெய் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்குக்குப் பின்னால் இருந்தது அவளுடைய தம்பி லாம்பிஸின் படம். இன்று அவனுடைய நாற்பதாம் நாள்.

உயிர் போன இடத்தில் விளக்குப் பெட்டி வைப்பது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். கோசானி நகரத்துக்குப் போகும் சாலையில் வளைவுக்கு வளைவு நிற்கின்றன. ஆனால் லாம்பிஸுக்கு உயிர் போனது ஹைட்ரஜன் நிரப்பும் மேடையில். உள்ளே பெட்டி வைக்க நிர்வாகம் விடவில்லை. வேலிக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம், பேட்டரி விளக்கு மட்டும்தான் என்றார்கள். லாம்பிஸின் மனைவி எவ்லாம்பியா சரியென்று தலையாட்டினாள். இத்தனை நாளும் பேட்டரி விளக்குதான் எரிந்தது; இன்றைக்குத்தான் எண்ணெய் விளக்கு.

மேடையில் ஹைட்ரஜன் ஏற்றிப்போகும் வண்டி தயாராக நின்றது. யோர்தானிஸ் குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். முன்பு இங்கே இருந்த நிலக்கரிச் சுரங்கத்தில் லாம்பிஸோடு ஒரே ஷிப்டில் இருந்தவன்.

"குழாய மாட்டாத, யோர்தானிஸ். காத்து வேலிப் பக்கம் அடிக்குது. அங்க விளக்கு எரியுது."

அவன் திரும்பிப் பார்த்தான். "லாம்பிஸ் இருக்கும்போதும் வேலைய நிறுத்தத்தான் வழி தேடுவான். செத்தும் பழக்கம் போகல." சிரிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டான். "ரீகாஸ் சார்கிட்ட யார் சொல்றது அக்கா?"

"நான் சொல்றேன்."

வயர்லெஸ்ஸில் மேலாளர் ரீகாஸின் குரல் வந்தது. "விளக்க அணைச்சிட்டா முடிஞ்சுதேம்மா. அதுக்கு வண்டிய எதுக்கு நிறுத்தணும்?"

"இன்னிக்கு நாற்பதாம் நாள் சார். எண்ணெய் தீர்ற வரைக்கும் எரியட்டும். சாயங்காலம் நிரப்பிக்கலாம்."

"வண்டி போகலேன்னா கோசானில பஸ் ஓடாது. அணைச்சிட்டு வாங்க."

"நான் நிறுத்தியிருக்கேன் சார். நிறுத்தற அதிகாரம் எனக்கு இருக்கு."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியத்தைத் தன் குரலில் முதல்முறையாகக் கேட்டாள். இதை அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சுரங்கத்தில் நெருப்பு நேர்மையானது. முதலில் நாற்றம், பிறகு புகை, கடைசியில்தான் ஜுவாலை. ஓடுவதற்கு நேரம் கொடுக்கும். சுரங்கத்தை மூடி, தோண்டிப்போட்ட நிலத்தில் சூரியத் தகடுகளைப் பரப்பி, அந்த மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜனை வெள்ளைத் தொட்டிகளில் அடைக்கத் தொடங்கியபோது, இனிமேல் கரியும் இல்லை புகையும் இல்லை என்று ஊரே சந்தோஷப்பட்டது. புகையில்லாத நெருப்பைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பட்டப்பகலில் அதற்கு நிறம்கூடக் கிடையாது. அதனால் கசிவு என்று சந்தேகம் வந்தால் நீண்ட துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். நுனி பற்றிக்கொண்டால் அங்கே நெருப்பு இருக்கிறது. சூனியக்காரி வண்டி என்று யோர்தானிஸ் அதற்குப் பெயர் வைத்திருந்தான். நெருப்பைக் காட்டும் கேமரா ஒன்றும் இருந்தது. ஒன்றே ஒன்று.

ஏதென்ஸிலிருந்து விருந்தாளிகள் வந்த அன்று, "துடைப்பமெல்லாம் கிடந்து மாட்டுத் தொழுவம் மாதிரி இருக்கு, எடுத்து உள்ள வைங்க" என்றார் ரீகாஸ். பார்த்தேனா துடைப்பங்களைப் பொறுக்கிக் கட்டி, சாமான் அறையில் வைத்துப் பூட்டினாள். கேமரா விருந்தாளி ஒருவரின் கழுத்தில் தொங்கியது. நல்ல வெயில். குழாய்ப் பூட்டில் உஸ் என்று சத்தம் கேட்டது. புகை தெரியவில்லை என்பதால் நெருப்பு இல்லை என்று சுரங்கத்தில் பழகிய லாம்பிஸின் உடம்பு முடிவு செய்தது. கையை நீட்டிக்கொண்டே போனான்.

விசாரணையில் அவனுடைய அவசரம்தான் காரணம் என்றார்கள். துடைப்பங்களைப் பற்றி அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பொய்யாகுமா என்று தினமும் காலையில் காபி ஆறும்வரை யோசிப்பாள். பிறகு அந்தச் சாமான் அறைச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

வயர்லெஸ் மறுபடி கரகரத்தது. இந்த முறை அவளுக்கு அல்ல. "யோர்தானிஸ், இந்த ஷிப்டுக்கு இனிமே நீதான் பொறுப்பு. நிரப்ப ஆரம்பி. அந்தம்மா வீட்டுக்குப் போகட்டும்."

யோர்தானிஸ் அவளைப் பார்க்காமல் கையுறையை மாட்டினான். "ரெண்டு பிள்ளைங்க அக்கா," என்றான். "இங்க வேற வேலை எங்க இருக்கு?"

 அன்றைக்கு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் கிட்டத்தட்ட அதுதான். குழாய் பூட்டுக்குள் இறங்கும் ஓசை கேட்டது. கழற்றும்போது மிச்ச வாயு காற்றோடு வேலிப் பக்கம் போகும். அங்கே சுடர் இருந்தால் அடுத்த படம் யோர்தானிஸுடையது.

பார்த்தேனா கேட்டுக்கு வெளியே ஓடினாள்.

எவ்லாம்பியா பெட்டியருகில் கறுப்பு உடையில் நின்றிருந்தாள். கையில் தட்டு நிறைய வேகவைத்த கோதுமை, மேலே சர்க்கரையும் மாதுளை முத்தும்.

"எண்ணெய் கொஞ்சம்தான் இருக்கு. எரிஞ்சு முடியட்டும் அண்ணி."

"நிரப்ப ஆரம்பிச்சிட்டாங்கடி."

"நீங்கதானே பொறுப்பு. நிறுத்தச் சொல்லுங்க."

"சொன்னேன்."

எவ்லாம்பியா அவள் முகத்தையே பார்த்தாள். நம்பினாளா என்பது தெரியவில்லை. பார்த்தேனா பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து, திரியை இரண்டு விரல்களால் பிடித்து நசுக்கினாள். ஊதினால் தம்பியின் முகத்தில் ஊதுவது போலிருக்கும் என்று தோன்றியது. சுட்டது. விரலை எடுக்கவில்லை. ஒரு கீற்றுப் புகை எழுந்து படத்தின் மேல் படர்ந்து கலைந்தது.

வேலிக்கு உள்ளே வாயு இரையும் சத்தம் தொடங்கியது.

"அன்னிக்கித் துடைப்பத்த யாரு உள்ள வெச்சதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள் எவ்லாம்பியா. குரலில் கோபம் இல்லை. "யோர்தானிஸ் அடக்கத்தன்னிக்கே சொல்லிட்டான். நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

பார்த்தேனா பெட்டியின் கதவைச் சாத்தினாள். சாவி பையில் தொடையை உறுத்தியது.

எவ்லாம்பியா ஒரு பிடி கோதுமையை அள்ளி அவள் கையில் வைத்தாள். இறந்தவனுக்காகக் கொடுப்பதை யாரும் மறுக்கக் கூடாது. வாங்கியவர் இறந்தவனுக்கு மன்னிப்பு வேண்டும் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போட வேண்டும். வெந்த விரல்களில் சர்க்கரை ஒட்டி எரிந்தது.

"கடவுள் அவன மன்னிக்கட்டும்," என்றாள் பார்த்தேனா.

"அவனையா அண்ணி?"

எவ்லாம்பியா தட்டைத் துணியால் மூடிக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தாள். கோதுமை பார்த்தேனாவின் கையிலேயே இருந்தது.