பொலிசில் பதியாத ராசா

பத்மாவதியின் வீட்டு லட்சுமிக்கு ஒரு வெள்ளிக்கிழமை தாடி முளைத்தது. பொலிசில் பதியாமல் தங்கியிருக்கும் தமிழரைத் தேடி, கொழும்பு வெள்ளவத்தை முழுக்க ஆமி வீடு வீடாக ரவுண்டப் நடத்திய மறுநாள் அது.

லட்சுமி என்பது ஒரு பழைய வெள்ளிக் காசு. மாந்தைப் பக்கம் கிணறு வெட்டும்போது பூட்டனுக்குக் கிடைத்ததாம். மூத்த மகள் கலியாணமாகிப் போகும்போது காசும் கூடவே போகும். சந்தனம் அப்பி அப்பிச் சாமித்தட்டோடு ஒட்டிப்போயிருந்ததால், தாமரையோடு உட்கார்ந்திருந்த அம்மாளை மட்டுந்தான் எல்லோரும் கும்பிட்டார்கள்.

மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் புவனலோசினி பம்பலப்பிட்டியிலிருந்து பின்னேரம் வருகிறார். லட்சுமியைப் பற்றி அவரிடம் வாய் நிறையப் பீற்றியிருந்த பத்மாவதி, தட்டைப் புளியில் ஊறவைத்துத் தேய்த்தாள். காசு கழன்றது. திருப்பினால் தடித்த கழுத்து, கொக்கி மூக்கு, தாடி!

"ஆரப்பா இந்த மனுசன்?" என்றார் கணவர்.

பத்மாவதி கீழே பௌஸியின் நகைக்கடைக்கு ஓடினாள்.

"ரோமாபுரி ராசா அக்கா" என்றார் பௌஸி, கண்ணாடியை வைத்துப் பார்த்தபடி. "மற்றப் பக்கம் அவங்கட செல்வத்துக்கு உள்ள தேவதை. கையில ஈக்கிறது தாமரை இல்ல, மாட்டுக் கொம்பு. உள்ளுக்குப் பழம் நிரம்பி வழியுது."

போச்சு! சம்பந்தம் பேச வருகிறவர் இதைப் பார்த்தால் மகள் வதனியைக் காலம் முழுக்கக் குத்திக்காட்ட ஒரு கதை கிடைத்துவிடும். பத்மாவதி ராசாவைக் குப்புறப் போட்டு, தேவதைக்குப் பொட்டு வைத்தாள்.

புவனலோசினி வந்தார். காசை எடுத்தார். சாவகாசமாகத் திருப்பினார்.

"ஆர் இவர்?"

பத்மாவதிக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரோமாபுரி ராசாவாம். எங்களுக்கே இண்டைக்குத்தான் தெரியும். அம்மாளும் அவையின்ர ஆள்தானாம்."

"இவ்வளவு காலமும் உங்கட வீட்டிலயே இருந்தவர்?"

"ஓம்."

"பொலிசில பதியாமலோ?"

முதலில் சிரித்தது வதனி. "நேற்று ஆமிக்காரர் கட்டிலுக்குக் கீழயும் தேடினவங்கள், ஆள் அகப்படேல்லை" என்றார் கணவர். வீடே குலுங்கியது. பத்மாவதிக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது. இந்த மனுசியிடம் மகளைப் பயமில்லாமல் அனுப்பலாம்.

புவனலோசினி குங்குமத்தைத் தொட்டு, ராசாவின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

"பிள்ளையோட இவரும் வரட்டும். எங்கட வீட்டில ரெண்டு பேரையும் ஒண்டாப் பதிவம்."