அறுத்துவிட்ட ஒயர்

சூலூரில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கும் வின்ஸ்டனிடம், தறி வேலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனைக் கொண்டு வந்தார் அதன் முதலாளி கிருபாசங்கர். கூடவே டிரைவர் நஞ்சுண்டன் வந்திருந்தார். அவருடைய வலது கை முழுக்கக் கட்டு.

"என்னாச்சுங்ண்ணா?" என்றான் வின்ஸ்டன்.

"வண்டி வழியில நின்னுபோச்சுங்க. டெம்பரேச்சர் முள்ளு கீழதான் இருந்துச்சு. சூடில்லைன்னு நம்பி ரேடியேட்டர் மூடியத் தொறந்துபோட்டனுங்க, கொதிதண்ணி கைமேல அடிச்சிருச்சு."

வின்ஸ்டன் இன்ஜினில் சென்சார் ஒயரைக் கழற்றி இரும்பில் தொட்டு வைத்தான். முள் சட்டென்று மேலே ஏற வேண்டும், அசையவில்லை. டேஷ்போர்டைப் பிரித்தான். உள்ளே அந்த ஒயரை யாரோ அறுத்து டேப் சுற்றியிருந்தார்கள். எச்சரிக்கை விளக்கில் பல்பே இல்லை.

"நாந்தானுங்க எடுக்கச் சொன்னேன்," என்று சிரித்தார் கிருபாசங்கர். "லைட் எரிஞ்சாப் போதும், இவரு வண்டிய ஓரங்கட்டிப்போடறாரு. ஷிப்டுக்கு லேட்டாகுதுங்க. இப்ப எப்.சி. எடுக்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகோணும், அங்க செக் பண்ணுவாங்க, மாட்டிக் குடுங்க. முடிஞ்சதும் மறுக்கா கழட்டிக்கலாம்."

கிருபாசங்கர் வாங்கி வைத்த டீயை வின்ஸ்டன் தொடவில்லை. ஒயரை இணைத்துப் புது பல்பு போட்டான். பிறகு நஞ்சுண்டனிடம் சத்தமாகவே சொன்னான்.

"சாவியத் திருப்புனதும் இந்தச் சிவப்பு லைட் ஒருக்கா எரியோணுமுங்க. எரியலீன்னா வண்டிய எடுக்காதீங்க."

"அதெல்லாம் எதுக்குங்க அவருகிட்ட?" கிருபாசங்கரின் முகம் கடுத்தது.

நஞ்சுண்டன் இடது கையால் வண்டியிலிருந்து சாவியை உருவி முதலாளியிடம் நீட்டினார்.

"இனி நீங்களே ஓட்டிக்குங்க."

திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.