அருவிக்கரையில் ஒரு நெற்றிப்பட்டை

வார்த்தையை அளந்து வியாபாரம் செய்பவனைப் பிடிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. உமாசங்கர் அப்படிப்பட்ட ஆள். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதிலிருந்து, மெயின் அருவிக்குப் போகிற வழியில், சிப்ஸ் கடைக்கும் எண்ணெய் மசாஜ் கடைக்கும் நடுவே மேசை போட்டு உட்கார்ந்திருந்தான். மேசை நிறையக் கறுப்பு நெற்றிப்பட்டைகள். உள்பக்கம் இரண்டு ஈரப் பஞ்சு வில்லைகள், பக்கவாட்டில் ஒரு திருகு. மாட்டிக்கொண்டு திருகினால் மண்டைக்குள் லேசாக மின்சாரம் போகும், படித்தது மறக்காது, கவனம் சிதறாது என்று ஒலிபெருக்கி ஓயாமல் கத்தியது. போலீஸ் பரீட்சைக்கும் நீட்டுக்கும் பிள்ளைகளைத் தயார் செய்கிற ஊரில் இதற்குக் கூட்டம் சேராமல் இருக்குமா?

மருந்து ஆய்வாளர் ஜெயபிரியாவுக்கு அந்த மேசையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பையனுக்கு நெற்றியில் கொப்புளம், ஒரு பெண்ணுக்கு விடாத தலைவலி என்று தென்காசி அலுவலகத்துக்குப் புகார்கள் வந்திருந்தன. ஆனால் அள்ளிக்கொண்டு வர வழியில்லை. நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்றால்தான் அது மருத்துவக் கருவி. உரிமம் எங்கே என்று கேட்கலாம், பறிமுதல் செய்யலாம். படிப்புக்கு நல்லது என்று விற்றால் அதுவும் சீப்பு, கண்ணாடி போல ஒரு சாமான். இதை எதில் சேர்ப்பது என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருந்தாள். பரிசீலனையில் இருக்கிறதாம். பரிசீலனைக்குப் போனது எது சீசன் முடிவதற்குள் திரும்பி வந்திருக்கிறது?

அதனால்தான் அன்று ஜீப் இல்லாமல், சாதாரணச் சேலையில், கைப்பையில் போனைப் பதிவில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவன் வாயிலிருந்து ஒரு சொல் வந்தால் போதும். இன்ன நோய்க்கு இது கேட்கும் என்று சொல்லிவிட்டால் மேசையோடு தூக்கிவிடலாம். தனக்கு ஒற்றைத் தலைவலி என்று அவளே தூண்டில் போட்டுப் பார்த்தாள். அதற்கு டாக்டரைப் பாருங்கள், இது படிப்புக்கு மட்டும்தான் என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிட்டான்.

அப்போதுதான் பார்வதியம்மாள் மகனை இழுத்துக்கொண்டு வந்தாள். வடகரையில் வயல் வேலை பார்க்கிறவள். அருவியில் குளித்துவிட்டு, பிழியாத துண்டைத் தோளில் போட்டிருந்தாள். மகன் இசக்கிதுரை இன்னும் குளிக்கவில்லை. பக்கத்துக் கடையில் மசாஜ் முடித்து, தலையிலிருந்து எண்ணெய் வழிய நின்றான். வருகிற போலீஸ் பரீட்சை எழுதப்போகிறான் என்று பெருமையாகச் சொன்னவள், குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"இவனுக்கு வலிப்பு உண்டு தம்பி. வெளிய யாருக்கும் தெரியாது. இது அதுக்கும் கேக்குமா?"

ஜெயபிரியா ஓர் அடி முன்னால் வைத்தாள். வலிப்பு உள்ளவன் தலையில் இந்த மின்சாரம் ஏறவே கூடாது. ஆனால் உமாசங்கர் வாயைத் திறக்கப் போகிறான். கேட்கும் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், உடனே குறுக்கே விழுந்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"மொதல்ல உக்காரட்டும்மா. போட்டுப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றான் அவன்.

பட்டை நெற்றியில் ஏறியது. உமாசங்கர் திருகினான். ஒன்றும் தெரியவில்லை என்றான் இசக்கிதுரை. இன்னும் திருகினான். அப்போதும் ஒன்றுமில்லை. எப்படித் தெரியும்? நெற்றி முழுக்க எண்ணெய் மெழுகிக் கிடந்தது, அதைத் தாண்டி மின்சாரம் ஏறாது. திருகு கடைசிவரை போய் நின்றது. அதற்குள் இன்னொருவர் விலை கேட்க, உமாசங்கர் திருகைத் திரும்ப இறக்காமலே அந்தப் பக்கம் நகர்ந்தான்.

ஜெயபிரியா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்வான், திரும்பி வந்ததும் சொல்வான். அவள் கண் மேசைக்குத் திரும்பியபோது பார்வதியம்மாள் தோளில் கிடந்த துண்டை எடுத்துவிட்டிருந்தாள். எண்ணெய்தானே தடுக்கிறது, தன் கையால் துடைத்துவிட்டால் ஆயிற்று. பாசமாக, ஒரு கையால் பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட அந்த ஈரத் துண்டால் மகன் நெற்றியை அழுந்தத் துடைத்தாள். இனி பட்டையை விட்டால் போதும். திருகில் இருந்த அவ்வளவும் ஒரே அடியாக உள்ளே இறங்கும்.

ஜெயபிரியா பாய்ந்து பட்டையைப் பறித்தாள். வயர் அறுந்து அவள் கையோடு வந்தது.

கூட்டம் கூடிவிட்டது. யாரென்று எல்லாரும் கேட்கவும் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியதாயிற்று. ஏன் பறித்தீர்கள் என்று கேட்டவர்களிடம், அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, வலிப்பைச் சொல்லாமல், சுட்டுவிடும் என்று மட்டும் சொன்னாள். உமாசங்கர் கொஞ்சமும் பதறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பணிவாகவே கேட்டான்.

"நோய்க்குன்னு நான் ஒரு வார்த்த சொன்னேனா மேடம்?"

சொல்லவில்லை. போனில் பதிவானதும் அதுதான். பட்டையைப் போட்டு விற்கிற அட்டைப்பெட்டி ஒன்றை அவள் மேசையிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அட்டையில் எங்கேயாவது ஒரு நோயின் பெயர் இருக்காதா என்று நான்கு பக்கமும் தேடினாள். கவனம், ஞாபகம், தன்னம்பிக்கை. வேறு எழுத்தில்லை. இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வரவேண்டியிருந்தது. அழுகையும் ஆத்திரமுமாக வந்தது அவளுக்கு. அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றதை நினைத்தால் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஸ்கூட்டரை எடுக்கப் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது தாயும் மகனும் வடகரை பஸ்ஸுக்காக நின்றார்கள். பார்வதியம்மாள் மார்போடு ஒரு மஞ்சப்பையை அணைத்திருந்தாள். பைக்குள் அந்தப் பெட்டி.

ஜெயபிரியா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். இது இவன் தலையில் ஏறினால் வலிப்பு கூடும், உயிருக்கே ஆபத்து, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கெஞ்சினாள். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை தூங்கித் தூங்கி விழுகிறான், அதனால் மாத்திரையை நிறுத்தியாயிற்று என்றாள் பார்வதியம்மாள். இசக்கிதுரை எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் பேச்ச நம்புங்கம்மா. இது நல்ல சாமான் இல்ல."

பார்வதியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"கெட்ட சாமான்னா நீங்க எடுத்துட்டுப் போயிருப்பீயல்லா? திருப்பித் திருப்பிப் பாத்துட்டு அங்கனயே வச்சிட்டு வந்துட்டீய. அதப் பாத்த பெறவுதானே தாயி நான் வாங்குனேன்."

அருவிப் பக்கமிருந்து ஒலிபெருக்கி கேட்டது. ஆய்வாளர் மேடமே நேரில் வந்து சோதித்துப் பார்த்த பட்டை என்று அது புதிதாக ஒரு வரி சேர்த்துக்கொண்டிருந்தது.

பஸ் வந்தது. பார்வதியம்மாள் பையை விடாமல் ஏறினாள், பின்னால் இசக்கிதுரை. ஜெயபிரியாவின் ஸ்கூட்டர் நிறுத்தத்தின் ஓரத்தில் நின்றது, கைப்பையில் போன் இன்னும் பதிவில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் அவள் நினைக்கவில்லை. படியில் கால் வைத்து ஏறி, பார்வதியம்மாள் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டார்.

வடகரை என்றாள்.